மகனைத் தேடி வந்தவர்கள்



நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் குடும்பங்கள் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்வதும், மறைந்த பெற்றோர் உற்றாரின் கல்லறைகளைத் துப்புரவு செய்து, வெள்ளையடித்து, பூச்சாத்தி, மெழுகுதிரி ஏற்றி, குருவானவரைக் கொண்டு மந்திரிப்பதும் வழக்கம். அன்று அவரவர் குடும்பக் கல்லறையை நாடித்தான் அவரவர் செல்வர். முன்பின் அறியாத ஒருவருடைய கல்லறையைத் தேடிக் கடல் கடந்து வருவோர் உண்டா என்று கேட்டால், புனிதர்களுடைய கல்லறைகளைத் தவிர வேறொன்றை உடனே நம்மால் சொல்ல இயலாது.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் வாரிக்‌ஷயர் என்னும் மாவட்டம் இருக்கிறது. அதில் டான்வொர்த் இன் ஆர்டன் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரிலுள்ள புனித மரிய மதலேனாள் ஆலயம் ஆங்கிலிக்கன் சபையினருடையது. அதன் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கருவாலி மரத்தின் கீழ்ச் சிறு கல் ஒன்று நிற்கிறது. இறந்தவர் புனிதருமல்லர், போர்வீரருமல்லர். இருபத்தாறு வயதில் மறைந்த ஒரு பாடகர். பெயர் நிக் டிரேக். அக்கல்லின் அடியில் பூக்களையும், கிதார் மீட்டப் பயன்படும் சிறு வில்லைகளையும் வைத்துவிட்டுச் செல்வோர் பல நாட்டினர். அவர் உயிரோடு இருந்தபோது அவருடைய இசைத்தட்டுகளை வாங்கியவர்களோ மிகச் சிலரே. இந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதைத்தான் இத்திங்கள் எழுத முற்பட்டோம். எழுதத் தொடங்கிய பிறகு, பாடகரைக் காட்டிலும் அவருடைய பெற்றோரே நம் மனத்தை அதிகமாக ஆட்கொண்டனர் என்பதையும் முன்னரே சொல்லி வைக்கிறோம்.

நிக் டிரேக் பிறந்தது இங்கிலாந்தில் அன்று, இரங்கூனில். 1948-ஆம் ஆண்டு ஜூன் 19 அன்று பிறந்தார். பர்மா விடுதலை பெற்ற ஆண்டு அது. தந்தை ராட்னி டிரேக், பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனத்தில் பொறியாளர். தாய் மாலி. ஜப்பானியப் படைகள் பர்மாவிற்குள் புகுந்த 1942-இல், நம்மவர் பல்லாயிரம் பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்நாட்டை விட்டு ஓடி வந்தார்கள் அல்லவா? மாலியும் அவ்வாண்டில் தம் சகோதரி நான்சியுடன் இந்தியாவிற்குத் தப்பி வந்து டெல்லியில் தங்கினார். அங்கே அகில இந்திய வானொலியில் 'லாயிட் சகோதரிகள்' என்ற பெயரில் இருவரும் சேர்ந்து பாடினர். மூத்த மகள் கேப்ரியேல் பிறந்தது 1944-இல், லாகூரில். போர் முடிந்து பர்மா திரும்பிய குடும்பம், 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து சென்று டான்வொர்த்தில் 'ஃபார் லேஸ்' என்னும் வீட்டில் குடியேறிற்று.

அவ்வீட்டில் ஒரு பியானோ இருந்தது. தாய் தாமே பாட்டெழுதி, தாமே மெட்டமைத்துப் பாடுவார். மேடைக்கன்று, வீட்டிற்கு மட்டும். தந்தைக்குப் பொறியாளருக்கே உரிய ஓர் ஆசை. ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு மனைவி பாடுவதையும் பிள்ளைகள் பேசுவதையும் நாடாவில் பதிந்து வைப்பார். பிற்காலத்தில் நடந்தவை பலவற்றிற்கும் இந்தக் கருவியே காரணமாயிற்று.

மகன் மார்ல்பரோ பள்ளியில் பயின்று, பிறகு கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படிக்கச் சென்றார். அங்கிருக்கும்போதே கிதாருடன் பாடலானார். தானே எழுதி, தானே இசையமைத்து, தானே மீட்டிப் பாடும் நாட்டுப்புறப் பாணிப் பாடகர்கள் அக்காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலர் எழுந்தனர். அவர்களுள் இவரும் ஒருவர். அவரை முதலில் கண்டுகொண்டவர் ஆஷ்லி ஹட்சிங்ஸ் என்னும் இசைக்கலைஞர். லண்டனில் ஒரு நிகழ்ச்சியில் இவர் பாடக் கேட்டு, ஜோ பாய்ட் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளரிடம் சொல்லியனுப்பினார். அதன் பயனாக மூன்று இசைத்தட்டுகள் வெளிவந்தன: 1969-இல் 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்', 1971-இல் 'பிரைட்டர் லேட்டர்', 1972-இல் 'பிங்க் மூன்'.

முதல் தட்டின் பெயருக்குப் பொருள் 'இன்னும் ஐந்து தாள்களே' என்பதாம். சிகரெட் சுருட்டும் தாள் கட்டில், தீரப் போகிறது என்று எச்சரிக்கும் வாசகம் அது. அதற்கு ஐந்தாண்டுகள் கழித்து அவர் மாண்டார் என்பதைக் கொண்டு, தம் முடிவை முன்பே அறிந்திருந்தார் என்று எழுதுவோர் உளர். இத்தகைய குறி பார்க்கும் பேச்சில் நமக்கு உடன்பாடில்லை. இளைஞர் ஒருவர் வேடிக்கையாக வைத்த பெயர் அது, அவ்வளவே.

மூன்றும் வெளிவந்த காலத்தில் ஒவ்வொன்றும் ஐயாயிரம் படிகள்கூட விற்கவில்லை. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பாடகர் கூச்ச சுபாவமுடையவர். ஒவ்வொரு பாட்டிற்கும் கிதாரின் நரம்புகளை வெவ்வேறு விதமாகச் சுருதி கூட்டுவார். மேடையில் ஒரு பாட்டு முடிந்தபின் அடுத்த பாட்டிற்குச் சுருதி சேர்க்கும் வரை அவர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. கூட்டத்தினர் தங்களுக்குள் பேசத் தொடங்கிவிடுவர். 1970-இல் ஒரு கல்லூரி நிகழ்ச்சியில் பாட்டின் நடுவிலேயே எழுந்து சென்றார், அதன்பின் மேடையேறவில்லை. பத்திரிகைக்காரர்களைச் சந்திக்கவும் விருப்பமில்லை. சந்தையில் பொருளை வைத்துவிட்டுக் கடைக்காரர் ஒளிந்துகொண்டால் யார் வாங்குவர்?

ஆனால் பொருள் நல்ல பொருள். 'பிங்க் மூன்' 1971 அக்டோபரில் இரண்டே இரவுகளில் பதிவானது. குரலும் கிதாரும், ஓரிடத்தில் மட்டும் சிறிது பியானோ. முழுவதும் கேட்க அரை மணி நேரமும் ஆகாது. உரத்த இசைக்குப் பழகிய காதுக்கு முதன்முறை கேட்கையில் ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்கும்போதுதான் விரல்களின் வேலை புலப்படும். விளம்பரத்தால் பரவும் இசையன்று அது. ஒருவர் கேட்டு, தாம் நேசிக்கும் இன்னொருவரிடம், "இதைக் கேட்டுப் பார்" என்று கொடுத்தால்தான் பரவும்.

இதற்கிடையே அவர் உள்ளம் நோயுற்றது. 1971-ஆம் ஆண்டில் லண்டனை விட்டுப் பெற்றோர் வீட்டிற்கே திரும்பினார். மறு ஆண்டு சில வாரங்கள் மருத்துவமனையில் இருந்தார். இரவில் வண்டியை எடுத்துக்கொண்டு நோக்கமின்றி ஓட்டிச் செல்வார். எரிபொருள் தீர்ந்து எங்காவது நின்றுவிட்டால் தந்தைக்குத் தொலைபேசி வரும். அவர் சென்று அழைத்து வருவார். வீட்டில் இருக்கவும் பிடிக்கவில்லை, வேறெங்கும் இருக்கவும் முடியவில்லை என்று மகன் சொன்னதைத் தாய் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். தந்தை ராட்னி அந்நாட்களில் ஒரு நாட்குறிப்பு எழுதி வந்தார். மகன் இன்று உண்டானா, பேசினானா, மருந்து எடுத்துக்கொண்டானா என்பவையே அதன் செய்தி. அந்நாட்குறிப்பின் பகுதிகள் மகள் கேப்ரியேல் 2014-இல் வெளியிட்ட பெரிய நூலில் அச்சாகியுள்ளன. மனநோய் என்றால் மூடி மறைப்பதும், ஊருக்குத் தெரியாமல் மந்திரவாதியைத் தேடுவதும் நம் குடும்பங்களில் இன்றும் நடக்கின்றன. வீட்டின் மானம் என்று ஒன்றைக் காக்கப் போய்ப் பிள்ளையைக் கைவிடுவோர் இருக்கிறார்கள். அந்தப் பொறியாளரோ நோய்வாய்ப்பட்ட மகனுக்கருகில் அமர்ந்து, இரவுதோறும் பேனாவை எடுத்திருக்கிறார்.

1974 நவம்பர் 25 அன்று காலை மகன் எழுந்து வரவில்லை. நண்பகலுக்குச் சற்று முன் தாய் சென்று பார்த்தபோது உயிர் பிரிந்திருந்தது. மனத்தளர்ச்சிக்காக மருத்துவர் கொடுத்த மருந்து அளவுக்கு மீறி உடலிற் கலந்திருந்தது. மரண விசாரணை அதிகாரி அதனைத் தற்கொலை என்றே பதிவு செய்தார். நண்பர் பலர் அதை ஏற்கவில்லை. அன்றிரவு அந்த உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை ஆண்டவர் அறிவார். நாம் தீர்ப்பிட வேண்டியதில்லை.

டிசம்பர் 2 அன்று நடந்த அடக்கச் சடங்கிற்கு ஏறத்தாழ ஐம்பது பேர் வந்தனர். பள்ளித் தோழர்கள், கேம்பிரிட்ஜ் தோழர்கள், லண்டன் இசைக்கலைஞர்கள். அவர்களுட் பலர் அன்றுதான் ஒருவரையொருவர் முதன்முதலாகச் சந்தித்தனர். மகன் தம் நண்பர்களை ஒருவரோடொருவர் சேர விடாமல் தனித்தனியே வைத்திருந்தார் என்பது பெற்றோருக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த ஐம்பது பேருக்குப் பின், அறிமுகமில்லாதவர்கள் வரத் தொடங்கினார்கள்.

முதலில் ஒருவர், இருவர். கதவைத் தட்டுவர். "உங்கள் மகனின் பாட்டைக் கேட்டோம், அவர் வாழ்ந்த வீட்டைப் பார்க்கலாமா?" என்று கேட்பர். இங்கிலாந்திலிருந்து மட்டுமன்று, அமெரிக்காவிலிருந்தும் வந்தனர். கையிற் பை, தோளிற் கிதார், நீண்ட முடி. மகனை இழந்த முதியோர் இருவர் இத்தகையோரைக் கண்டு கதவைச் சாத்திக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ராட்னியும் மாலியும் அவர்களை உள்ளே அழைத்தனர். மகனின் அறையைக் காட்டினர். ஃபார் லேஸில் மகன் தனியே பதிவு செய்து வைத்திருந்த நாடாக்கள் இருந்தன. இசைத்தட்டில் வராத பாடல்கள், பழகிப் பார்த்தவை, பாதியில் விட்டவை. அவற்றைத் தந்தை போட்டுக் காட்டுவார். விரும்பிக் கேட்டவர்களுக்குத் தம் கருவியிலேயே நகல் எடுத்தும் கொடுப்பார். ஸ்காட் ஆப்பல் என்ற அமெரிக்கக் கிதார் கலைஞர் அவ்வாறு பெற்ற துண்டுப் பாடல்கள் சிலவற்றை நிறைவு செய்து 1989-இல் தம் இசைத்தட்டில் சேர்த்தார்.

இதில் ஒரு கசப்பும் உண்டு. அன்புடன் கொடுத்த நகல்கள் கை மாறிக் கை மாறிப் போய், உரிமையின்றித் திருட்டுத்தனமாய் அச்சிடப்பட்ட தட்டுகளாகக் கடைகளில் விலை போயின. நம்பிக் கொடுத்த பெற்றோரிடம் பெற்றதைக் காசாக்கியது நன்றிகெட்ட செயலே என்பது நம் கருத்து. எனினும் இந்த நாடாக்களின் வழியாகத்தான் அப்பாடகரின் பெயர் நாடு நாடாகப் பரவியது என்பதையும் மறைப்பதற்கில்லை. நகலின் நகல், அதன் நகல் என்று ஓசை மங்கிக்கொண்டே போகும். அந்த மங்கிய ஓசையைக் கேட்டு மனம் பறிகொடுத்தவர்தாம் கடைக்குப் போய், மூன்று இசைத்தட்டுகளும் இருக்கின்றனவா என்று கேட்டனர்.

இருந்தன! இங்கேதான் ஜோ பாய்டுக்கு நாம் வணக்கம் செலுத்த வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் அவர் தம் நிறுவனத்தை ஐலண்டு என்ற இசைத்தட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு அமெரிக்கா திரும்பியபோது ஒரு நிபந்தனை விதித்தார்: நிக் டிரேக்கின் தட்டுகளை, விற்றாலும் விற்காவிட்டாலும், பட்டியலிலிருந்து நீக்கலாகாது. விற்காத தட்டை நீக்கிவிடுவது அத்தொழிலின் வழக்கம். நீக்கப்பட்டால் கடைக்காரர் கையை விரிப்பார்; தேடி வந்தவர் வேறொன்றை வாங்கிச் செல்வார்; கதை அத்துடன் முடியும். பஞ்சத்திலும் விதைநெல்லைக் குத்தித் தின்னாத குடியானவனைப் போல அவர் செய்த செயல் இது. மகனுக்காகப் பெற்றோர் கதவைத் திறந்து வைத்தனர். இவர் கடையைத் திறந்து வைத்தார்.

1979-இல் மூன்று தட்டுகளும் 'ஃப்ரூட் ட்ரீ' என்னும் ஒரே பெட்டியாக வெளிவந்தன. அதுவும் அப்போது நன்கு விற்கவில்லை. 1986-இல் பாய்ட் தம் சொந்த நிறுவனத்தின் வழியாக மீண்டும் வெளியிட்டார். அதற்குள் காற்று திசை மாறிவிட்டிருந்தது. புதிய தலைமுறை இசைக்கலைஞர்கள் தங்கள் பேட்டிகளில் இவர் பெயரைச் சொல்லலாயினர். 1985-இல் 'தி ட்ரீம் அகாடமி' என்ற குழு பாடிப் புகழ்பெற்ற பாடல் ஒன்று இவருக்கே அர்ப்பணிக்கப்பட்டிருந்தது. பாட்டைக் கேட்டவர்கள் அர்ப்பணிப்பைப் படித்தனர். யார் இந்த நிக் டிரேக் என்று விசாரித்தனர். ஒரு பாடகரிடமிருந்து இன்னொரு பாடகரிடம் போவது இரசிகர்களுக்கு எப்போதும் உரிய வழி. 1994-இல் தேர்ந்த பாடல்களின் தொகுப்பு ஒன்று வந்தது. 1997-இல் வாழ்க்கை வரலாறும் வெளிவந்தது.

இவ்வளவு ஆன பின்னும் அமெரிக்காவில் 'பிங்க் மூன்' ஆண்டிற்குச் சுமார் ஆறாயிரம் படிகளே விற்றது. 1999 நவம்பரில், அவர் இறந்து இருபத்தைந்தாண்டுகள் ஆன அதே மாதத்தில், ஃபோக்ஸ்வாகன் மோட்டார் நிறுவனம் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் வெளியிட்டது. நிலா வெளிச்சத்தில் மேற்கூரையில்லாத காரில் இளைஞர் நால்வர் செல்கின்றனர். ஒருவரும் பேசுவதில்லை. விருந்து நடக்கும் வீட்டை அடைகின்றனர். அங்குள்ள ஆரவாரத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே செல்லாமலே காரைத் திருப்பிக்கொண்டு இரவுக்குள் போகின்றனர். ஒரே நிமிடம். பின்னணியில் 'பிங்க் மூன்' பாடல். மறு ஆண்டில் அத்தட்டு எழுபதாயிரத்திற்கும் மேல் விற்றது.

பழைய இரசிகர்களுட் சிலர் கொதித்தெழுந்தனர். இரகசியமாய்ப் போற்றிய ஒன்றைக் கார் விற்கப் பயன்படுத்தலாமா என்பது அவர்கள் கேள்வி. அக்கோபத்தின் ஒரு பாதி நமக்கு விளங்குகிறது. பாட்டு பாட்டாகவே காதில் விழ வேண்டும். அதன் வாலில் ஒரு விலைச்சீட்டு தொங்கக் கூடாது. மறு பாதி நமக்கு ஒப்பவில்லை. தாம் கண்டெடுத்ததைப் பிறரும் கண்டெடுத்துவிட்டார்களே என்னும் பொறாமை அதில் கலந்திருக்கிறது. ஃபார் லேஸின் கதவைத் தட்டியவர்களிடம், "நீ எந்த வழியாக இவன் பாட்டை அறிந்தாய்?" என்று வினவி, தகுதி பார்த்தா உள்ளே விட்டனர் அந்தப் பெற்றோர்?

அவர்கள் இந்த விளம்பரக் கூத்தைப் பார்க்கவில்லை. ராட்னி 1988-இலும் மாலி 1993-இலும் காலமாயினர். 2004-இல், அவர் இறந்து முப்பதாண்டுகளுக்குப் பின், நிக் டிரேக்கின் ஒரு பாடல் முதன்முறையாகப் பிரிட்டனின் விற்பனை வரிசையில் இடம்பெற்றதையும் அவர்கள் அறியார். திரைப்படங்களிலும் அவர் பாடல்கள் ஒலிக்கலாயின. இன்று கைப்பேசியில் ஒரு பாட்டு முடிந்ததும் கருவியே அடுத்த பாட்டை எடுத்துக் கொடுக்கிறது. அவ்வாறு வந்து சேர்ந்தவர்கள் எண்ணிலடங்கார். வளர்ந்து பெரியவரான நிக் டிரேக் பாடும் அசையும் படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சில புகைப்படங்களும் குரலுமே எஞ்சியுள்ளன.

இளைஞர்கள் இவரிடம் ஈர்க்கப்படுவதில் நாம் அஞ்சுகின்ற ஒன்றும் உண்டு. இளமையில் மாண்ட சோகத்தையே அழகாக்கி, நோயையே மேதைமையாக்கிப் பேசும் போக்கு அது. அப்படி நினைப்பவர்கள் இரண்டாம் தட்டைக் கேட்பது நல்லது. அதில் காதலின் மகிழ்ச்சியும் வெயிலும் இருக்கின்றன. நோய் வந்து அவரிடமிருந்து பாட்டைப் பறித்தது; கொடுக்கவில்லை. கடைசி ஆண்டுகளில் அவர் பதிவு செய்த பாடல்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

பாட்டு எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை வேறிடத்தில் இருந்தது. 2007-இல், இசைத்தட்டில் வராத வீட்டுப் பதிவுகள் 'ஃபேமிலி ட்ரீ' என்ற பெயரில் குடும்பத்தாரின் இசைவுடன் முறையாக வெளியாயின. அவற்றுள் இரண்டு பாடல்கள் மகனுடையவை அல்ல, தாயினுடையவை. 1950-களில் ராட்னி தம் கருவியில் பதிந்து வைத்தவற்றைச் சேர்ந்தவை. மகனைத் தேடிப் போன இரசிகர்கள், பியானோவில் தனியே பாடும் ஒரு பெண்ணின் மெல்லிய குரலைக் கேட்டுத் திகைத்தனர். எதிர்பாராத இடத்தில் திரும்பும் சுரமும், சோகத்தை உரக்கச் சொல்லாத சொற்களும் மகனிடம் கண்டவையே. இன்னும் இருக்கின்றனவா என்று கேட்டனர். இருந்தன. மகனின் தட்டுகளைப் பதிவு செய்த ஜான் வுட் என்னும் ஒலிப்பதிவாளரே அந்தப் பழைய நாடாக்களையும் செப்பனிட்டுக் கொடுக்க, மாலி டிரேக்கின் பாடல்கள் 2013-இல் பரவலாக வெளிவந்தன. அவர் மறைந்து அப்போது இருபதாண்டுகள் ஆகியிருந்தன. 2017-இல் 'தி அன்தேங்க்ஸ்' என்னும் இங்கிலாந்து நாட்டுப்புறப் பாடகியர் குழு, அவர் பாடல்களை மட்டுமே கொண்டு ஒரு முழுத் தட்டு பாடியது.

மகனின் இரண்டாம் தட்டில் 'பாவம் பையன்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பாட்டு உண்டு. தாயின் பாடல்களுள் ஒன்றின் தலைப்பு 'பாவம் அம்மா'.